டாக்டரிடம் கேளுங்கள்: லூபஸும் சிவப்பு மையில் ஒரு எண்ணும்

சென்ற இதழில் மூட்டுவலி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "லூபஸுக்குக்கூட இப்போது புது மருந்துகள் வரிசையாக வருகின்றன" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை முழுக்கக் கிடக்கின்றன. ஆகவே இந்த முறை லூபஸ் மட்டும்தான். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

நோய் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, நம் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வையே அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடி என்ற தாக்கும் புரதத்தைத் தயாரிப்பதுதான் லூபஸ். தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், மூளை என்று எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்.

கே: என் மகளுக்கு 19 வயது. சிறுநீரகத்தில் லூபஸ் என்று பயாப்சி எடுத்துச் சொன்னார்கள். நாலு மாதமாக ஸ்டீராய்டு. முகம் உப்பிப்போய்க் கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். மாத்திரையைச் சாப்பிடாமல் ஒளித்து வைக்கிறாளோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. ஸ்டீராய்டே இல்லாமல் புது மருந்தில் சரிசெய்ய முடியாதா டாக்டரம்மா?

ப: அம்மா, முதலில் அந்த மாத்திரை விஷயம். சந்தேகத்தை இன்றே தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் திட்டாமல். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் அட்ரினல் சுரப்பி, 'வெளியிலிருந்துதான் வருகிறதே' என்று தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயும் சேர்ந்து கிளம்பும். "நிறுத்தியிருந்தால் சொல்லிவிடு, ரெண்டு பேரும் போய் டாக்டரிடம் குறைக்கச் சொல்லிக் கேட்போம்" என்று பேசிப் பாருங்கள். உங்கள் மகளின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

பயிற்சி மருத்துவராக இருந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். நோட்டில் ஒவ்வொரு லூபஸ் நோயாளியின் பக்கத்திலும், அன்றைக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம் என்பதைச் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருட நோட்டுகளைப் புரட்டினால் 40, 40, 30, 30, 40 என்றே போகும். நோய் அடங்கியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட காலம் அது. அந்த நோட்டில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறாள். 22 வயதில் நோய் வந்தது. 27 வயதில் இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டின் எலும்புத் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போனது. சிறுநீரகம் இன்றுவரை நன்றாக இருக்கிறது. நடக்கிறது செயற்கை மூட்டில். இடுப்பைக் கெடுத்தது எது என்று கேட்டால் நான் அந்தச் சிவப்பு எண்களைத்தான் காட்டுவேன். எழுதிக்கொடுத்த கை என்னுடையது.

இப்போது கணக்கு மாறிவிட்டது. தொடர்ந்து சாப்பிடும் அளவு நாளைக்கு 7.5 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2019-ல் வகுத்தார்கள். 2023-ல் அதையே 5 ஆக்கினார்கள், முடிந்தால் நிறுத்திவிடுங்கள் என்றும் சேர்த்தார்கள். நாலே வருடத்தில் இவ்வளவு துணிச்சல் வந்ததற்கு இடையில் வந்த மருந்துகளும் ஒரு காரணம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டீராய்டே தொடாமல் சிறுநீரக லூபஸுக்குச் சிகிச்சை ஆரம்பிப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்க வாரங்கள், மாதங்கள் ஆகும். அதுவரை சிறுநீரகம் காத்திருக்காது. ஆனால் குறைந்த அளவில் ஆரம்பித்து வேகமாக இறங்கிவிட முடியும். வோக்ளோஸ்போரின் என்ற மாத்திரைக்கு 2021 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய பெரிய சோதனையில் 357 பேர். எல்லோருக்கும் மைகோஃபினோலேட் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் பழைய மாத்திரை உண்டு. ஸ்டீராய்டு, முதல் இரண்டு நாள் நரம்பு ஊசிக்குப் பிறகு, வெறும் 20 அல்லது 25 மில்லிகிராமில் ஆரம்பித்து 16-வது வாரத்துக்குள் 2.5-க்கு இறக்கப்பட்டது. ஒரு வருட முடிவில் சிறுநீரகம் முழுமையாகத் தேறியவர்கள், புது மாத்திரையும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 41, சாப்பிடாதவர்களில் 23. பத்து வருடத்துக்கு முன்பு என்னிடம் 16 வாரத்தில் 2.5 என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்த மாத்திரைக்கு ரத்த அழுத்தத்தைக் கூட்டும் குணம் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏற்கெனவே 45-க்குக் கீழே போனவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை.

இன்னும் இரண்டு இருக்கின்றன. பெலிமுமாப் ஊசிக்குச் சிறுநீரக லூபஸுக்காக 2020 டிசம்பரில் அனுமதி வந்தது. நிதானமாக வேலை செய்யும். சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போகிறவர்களிடம் அதன் பலன் அவ்வளவாகத் தெரியவில்லை. ஒபினுடுசுமாப் என்பது ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி அணுக்களையே துடைத்தெடுக்கும் ஊசி, 2025 அக்டோபரில்தான் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. மூன்றில் எது என்பதைப் பயாப்சி ரிப்போர்ட்டும் புரத அளவும் பார்த்து உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சிறுநீர்ப் புரதத்தை. சிகிச்சை ஆரம்பித்து மூன்று மாதத்தில் கால் பங்காவது குறைய வேண்டும், ஆறு மாதத்தில் பாதி, ஒரு வருடத்தில் அரை கிராம் அல்லது அதை ஒட்டி. நாலாம் மாதத்தில் அது நன்றாக இறங்கியிருந்தால், "ஸ்டீராய்டை இன்னும் வேகமாகக் குறைக்கலாமா, கூட ஒரு மருந்து சேர்த்தால் முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அளவு இறங்க இறங்க முகம் பழையபடி வந்துவிடும். சில மாதம் பிடிக்கும், ஆனால் வரும்.

கே: பெலிமுமாப் ஊசி ஆரம்பித்தாகிவிட்டது. இனி அந்தப் பழைய மலேரியா மாத்திரை எதற்கு? கண்ணைக் கெடுக்கும் என்கிறார்களே. நானே நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

ப: கூடாது. புது ஊசி வந்தபின் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை மூட்டை கட்டுவது, இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு.

அந்த மாத்திரையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு மலேரியா வராமலிருக்க மெப்பாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் சேர்ந்து குறைந்தன. 1951-ல் பிரான்சிஸ் பேஜ் என்ற மருத்துவர் லூபஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார். அதன் தம்பிதான் நீங்கள் சாப்பிடும் மாத்திரை, 1955-ல் அனுமதி பெற்றது. அதன்பின் லூபஸுக்கென்று அடுத்த புது மருந்து, அதாவது உங்கள் பெலிமுமாப், வந்தது 2011 மார்ச்சில். ஐம்பத்தைந்து வருடம் இந்த நோயைத் தாங்கிப் பிடித்ததில் அந்தப் பழைய மாத்திரைக்குப் பெரிய பங்கு உண்டு. நோய் மறுபடி கிளம்புவதை அது தடுக்கிறது. பெலிமுமாப் சோதனைகளில் பெரும்பாலோர் அந்த மாத்திரையோடு சேர்த்துத்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதை நிறுத்திவிட்டு ஊசி மட்டும் போட்டால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

கண் பயம் வீண் பயம் இல்லை, ஆனால் அளவுக்கு மீறிய பயம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் சாப்பிட்டால், முதல் ஐந்து வருடத்தில் விழித்திரை பாதிப்பு வரும் வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் கீழே. பத்து வருடம் வரை நூறில் இரண்டுக்குக் கீழே. இருபது வருடம் தாண்டியவர்களுக்கு இருபது வரை போகிறது. ஆகவே ஆரம்பத்தில் ஒரு முறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் விழித்திரைப் பரிசோதனை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதற்கு முன்பே. சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனை போதாது, இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் எடை போன வருடத்தைவிடக் குறைந்திருந்தால் மாத்திரை அளவையும் திரும்பக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை டாக்டர்களும் மறந்துவிடுகிறோம்.

கே: நான் பார்மசி மாணவன். அனிஃப்ரோலுமாப் என்ற புது லூபஸ் ஊசி 47.8 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, மருந்தில்லாமல் 31.5 என்று படித்தேன். பாதிப் பேருக்குக்கூட வேலை செய்யாத மருந்தை எப்படி வெற்றி என்கிறார்கள்? மருந்தே இல்லாமல் மூன்றில் ஒருவர் குணமானது எப்படி?

ப: நல்ல கேள்வி தம்பி. "மருந்தில்லாமல்" என்ற சொல்தான் உன்னைக் குழப்பிவிட்டது. லூபஸ் சோதனையில் யாரையும் மருந்தில்லாமல் விடுவதில்லை. ஸ்டீராய்டு, மலேரியா மாத்திரை, மைகோஃபினோலேட் என்று வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் ஒரு கூட்டத்துக்குப் புது ஊசி, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் திரவம். 31.5 என்பது பழைய சிகிச்சையின் மதிப்பெண். ரெண்டுக்கும் இடையே 16 சொச்சம் வித்தியாசம். ஆறு பேருக்குக் கொடுத்தால், பழைய சிகிச்சையில் தேறியிருக்காத ஒருவர் கூடுதலாகத் தேறுகிறார். இந்த நோயில் அது சின்ன விஷயம் இல்லை.

தேறினார் என்பதற்கு வைத்த அளவுகோலும் கடுமையானது. ஆரம்பத்தில் பாதித்திருந்த ஒவ்வொரு உறுப்பும் முன்னேற வேண்டும், எதுவும் மோசமாகக் கூடாது, அனுமதித்ததற்கு மேல் மருந்து சேர்த்திருக்கக் கூடாது. மூட்டு பிரமாதமாகி, தோல் அப்படியே இருந்தால் தோல்விதான்.

உன் புத்தகத்தில் இருக்குமா தெரியவில்லை, அந்த மருந்தின் முதல் மூன்றாம் கட்டச் சோதனை, அதாவது அனுமதி கேட்குமுன் நடக்கும் பெரிய சோதனை, தோற்றது. வேறொரு அளவுகோலில் மருந்து எடுத்தவர்கள் 36, எடுக்காதவர்கள் 40. மருந்து எடுக்காதவர்கள் முந்திவிட்டார்கள்! இரண்டாவது சோதனையின் முடிவை உடைத்துப் பார்க்குமுன் அளவுகோலை மாற்றினார்கள். அதில்தான் நீ படித்த 47.8. அளவுகோலை மாற்றி ஜெயித்தது தில்லுமுல்லு என்று சொல்பவர்கள் உண்டு. முடிவு தெரியுமுன் மாற்றியதால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2021 ஜூலையில் அனுமதி கொடுத்தவர்களுக்கும் தோன்றவில்லை.

இந்தச் சோதனையில் நான் முதலில் தேடிப் படித்த எண் வேறு. ஆரம்பத்தில் 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஸ்டீராய்டில் இருந்தவர்களில், 7.5-க்குள் இறங்கி அங்கேயே நின்றவர்கள் எத்தனை பேர்? ஊசி போட்டவர்களில் 51.5 சதவீதம், போடாதவர்களில் 30.2. என் சிவப்பு மைக்கு இதுதான் செய்தி.

கே: மனைவிக்கு அனிஃப்ரோலுமாப் ஆரம்பித்து நாலு மாதம். தோலும் மூட்டும் நன்றாகிவிட்டன. போன வாரம் முதுகில் ஒரு பக்கமாக அக்கி. மருந்தை விட்டுவிட வேண்டுமா?

ப: நிரந்தரமாக விட வேண்டியிருக்காது. அக்கிக்கான வைரஸ் மருந்தை உடனே ஆரம்பித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆரம்பிக்கவில்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கண், காது பக்கம் வந்தால் இன்னும் அவசரம். அடுத்த ஊசியை அக்கி ஆறும்வரை தள்ளிப்போடுவது வழக்கம், பிறகு தொடரலாம்.

இது எதிர்பாராத விபத்து இல்லை. இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் நுழைந்ததும் செல்கள் அடிக்கும் எச்சரிக்கை மணி. 1957-ல் கண்டுபிடித்தார்கள். லூபஸ் நோயாளிகளில் பெரும்பாலோரின் ரத்தத்தில், வைரஸே இல்லாமல் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அனிஃப்ரோலுமாப் மணியின் வாயைக் கட்டுகிறது. சின்ன வயதில் அம்மை போட்டுவிட்டு நரம்பில் தூங்கும் வைரஸுக்கு அது கொண்டாட்டம். சோதனையில் ஊசி போட்டவர்களில் 7.2 சதவீதம் பேருக்கு அக்கி வந்தது, போடாதவர்களில் 1.1. இந்த ஊசியை இனிமேல் ஆரம்பிக்கப் போகிறவர்கள், உயிருள்ள கிருமி இல்லாத அக்கித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசி எதுவும் வேண்டாம்.

கே: ஜெர்மனியில் செல் சிகிச்சை செய்து லூபஸை நூற்றுக்கு நூறு குணப்படுத்திவிட்டார்களாமே? எனக்கு 31 வயது, 12 வருட நோயாளி. என்னை அனுப்பிவிடுங்கள்!

ப: உங்கள் கடிதத்தில் இருந்த ஆச்சரியக்குறியைப் பார்த்துச் சிரித்தேன். முதன்முதலில் அதைப் படித்த ராத்திரி நானும் அப்படித்தான் இருந்தேன்.

நடந்தது இது. எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கேயார்க் ஷெட் குழுவினரிடம், எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸுடன் 20 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். 2021-ல், ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தும் கார்-டி சிகிச்சையை அவருக்குச் செய்தார்கள். அவருடைய ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு சக்தியின் சிப்பாய்களான டி அணுக்களைப் பிரித்து, பி அணுவின் மேலிருக்கும் சி.டி.19 என்ற அடையாளத்தைத் தேடிப்பிடிக்கும்படி அவற்றின் மரபணுவை மாற்றி, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். அந்த டி அணுக்கள் பி அணுக்களை வேட்டையாடின. ஆன்டிபாடி காணாமல் போயிற்று. சிறுநீரில் புரதம் நின்றது. 2022-ல் ஐந்து பேரின் முடிவு வந்தது. 2024 பிப்ரவரியில் பதினைந்து பேரின் முடிவு. அதில் லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் நோய் அடங்கியது, எட்டுப் பேரும் ஸ்டீராய்டு உட்பட எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள்.

என்னை உறைய வைத்தது அதற்கு அடுத்த செய்தி. சராசரியாக மூன்று நாலு மாதத்தில் பி அணுக்கள் திரும்ப வந்தன. நோய் திரும்பவில்லை. வந்தவை எதையும் இன்னும் கற்றுக்கொள்ளாத புது அணுக்கள். பழைய பகையை நினைவில் வைத்திருந்த அணுக்கள் போய்விட்டன. அதேசமயம் முன்பு போட்ட தடுப்பூசிகளின் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் தப்பின. அவற்றைத் தயாரிக்கும் நீண்ட ஆயுள் செல்களில் சி.டி.19 அடையாளம் இல்லாததால் வேட்டைக்காரர்கள் கண்ணில் படவில்லை. முப்பது வருடமாக எதிர்ப்பு சக்தியை அமுக்கி அமுக்கியே பழகிய எனக்கு, அதை அழித்து எழுதலாம் என்பது புரிய ஒரு வாரம் ஆனது.

இனி ஐஸ் தண்ணீர். எட்டுப் பேரில் எட்டுப் பேர் நூற்றுக்கு நூறுதான், ஆனால் எட்டுப் பேர். அந்த அறிக்கையில் பின்தொடர்ந்த காலம் நடுவாக 15 மாதம். உங்களுக்கு நோய் 12 வருடம். பத்தாவது வருடத்தில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்குக் காலண்டரைத் தவிர வேறு பரிசோதனை கிடையாது. செல்களை ஏற்றுமுன் இடம் காலி செய்ய ஃப்ளூடாரபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்துகள் கொடுக்கிறார்கள். இரண்டாவது மருந்து கருமுட்டைகளைப் பாதிக்கக்கூடியது. ஏற்றியபின் கடும் காய்ச்சலுடன் ஒரு அழற்சிப் புயல் வரலாம். அந்தப் பதினைந்து பேரில் பெரும்பாலோருக்கு வந்தது, லேசாக. நரம்பு மண்டலப் பக்கவிளைவும் உண்டு. புற்றுநோய்க்காக இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் அரிதாகச் சிலருக்கு டி அணுப் புற்றுநோய் வந்ததால், 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது.

எல்லா மருந்தும் தோற்று, உறுப்பு போய்விடும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு மாதிரி, 5 மில்லிகிராம் ஸ்டீராய்டில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு வேறு மாதிரி. நீங்கள் எந்தப் பக்கம் என்று கடிதத்தில் எழுதவில்லை. முதல் வகை என்றால், முறைப்படி பதிவு செய்த சோதனை எங்காவது ஆள் சேர்க்கிறதா என்று உங்கள் மருத்துவர் மூலம் விசாரிக்கலாம். பல நாடுகளில் நடக்கின்றன. ஆரோக்கியமான ஒருவரின் செல்லை வைத்துச் செய்வது, செல்லை வெளியே எடுக்காமல் உடம்புக்குள்ளேயே மாற்றுவது என்ற முயற்சிகளும் ஓடுகின்றன. சோதனை என்று சொல்லிக்கொண்டு பணம் கேட்டு, எந்தப் பதிவும் காட்டாத இடத்தில் கையைக்கூட நீட்டாதீர்கள். "ஸ்டெம் செல்" என்ற பெயரில் ஊசி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கே: திருமணமாகி இரண்டு வருடம். குழந்தை வேண்டும். மைகோஃபினோலேட்டும் பெலிமுமாப்பும் எடுக்கிறேன். எதை எப்போது நிறுத்துவது?

ப: நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் திட்டத்தை இன்றே ஆரம்பியுங்கள். மைகோஃபினோலேட் கருவுக்குக் கெடுதல். கருத்தரிக்கும் முயற்சிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி, அதற்குப் பதில் அஸாதயோப்ரின் அல்லது டாக்ரோலிமஸுக்கு மாற வேண்டும். மாறியபின் நோய் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கவும் நேரம் வேண்டும். ஆறு மாத அமைதி இருந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது. பெலிமுமாப்பைக் கர்ப்பத்தில் தொடர்வதற்கு அனுபவம் குறைவு. நோயின் ஆபத்தையும் மருந்தின் ஆபத்தையும் தராசில் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மலேரியா மாத்திரையைத் தொடர்ந்தே ஆக வேண்டும். ரத்தத்தில் ஆன்டி-ரோ ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்புக் கோளாறைக் குறைப்பதிலும் அந்த மாத்திரைக்குப் பங்கு உண்டு.

வோக்ளோஸ்போரின் மாத்திரையில் ஆல்கஹால் சேர்வதால் கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். புது மருந்துகளின் பெரிய பலவீனமே இதுதான். நோயாளிகளில் பெரும்பாலோர் குழந்தை பெறும் வயதுப் பெண்கள், ஆனால் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதில்லை. அந்த வயதில் இருப்பவர்களுக்குத்தான் நாங்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொல்கிறோம்.

கே: 20 வருடமாக "புது மருந்து வரப்போகிறது" என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். பாதி மருந்து காணாமல் போகிறது. எதற்கு இந்த ஆசை காட்டல்?

ப: கோபம் நியாயமானது, பாதி என்பதுகூடக் குறைவு. பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி பற்றி நானே நோயாளிகளிடம் அவ்வளவு நம்பிக்கையாகப் பேசினேன். இரண்டு பெரிய சோதனைகளும் தோற்றன. பாரிசிட்டினிப் என்ற மாத்திரை இரண்டாம் கட்டத்தில் ஜெயித்து, மூன்றாம் கட்டத்தில் ஒரு சோதனையில் ஜெயித்து இன்னொன்றில் தோற்று, 2022-ல் லூபஸுக்கான முயற்சியே கைவிடப்பட்டது.

ஆனால் தோற்றவை சும்மா போகவில்லை. டி அணு, பி அணுவைத் தூண்டிவிடக் கைகுலுக்கும் இடம் ஒன்று உண்டு, சி.டி.40 லைகண்ட் என்று பெயர். அதைத் தடுக்கும் ஆன்டிபாடி மருந்தைப் பல வருடம் முன்பே லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ரத்தக் கட்டி வந்து சோதனையை நிறுத்தினார்கள். ஏன் என்று தோண்டியபோது, அந்த ஆன்டிபாடியின் வால்பகுதி ரத்தத் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைத்தது தெரிந்தது. வாலை வெட்டிவிட்டு ஒரு மருந்து செய்தார்கள், டாபிரோலிசுமாப் பெகால். அது 2024-ல் தன் முதல் மூன்றாம் கட்டச் சோதனையில் ஜெயித்தது. 48 வாரத்தில் தேறியவர்கள், மருந்து எடுத்தவர்களில் 49.5 சதவீதம், எடுக்காதவர்களில் 34.6. ரிட்டுக்ஸிமாப் கதையும் அதேதான். அதைவிட ஆழமாகப் பி அணுக்களை அழிக்கும்படி செதுக்கியதுதான் முதல் கேள்வியில் சொன்ன ஒபினுடுசுமாப்.

இன்னும் வரிசையில் நிற்பவை: டியூக்ராவாசிட்டினிப் மாத்திரை, இன்டர்ஃபெரானைக் கொட்டும் செல்லையே அடக்கும் லிட்டிஃபிலிமாப், பி அணுவின் ஏற்பியை மூடும் இயனலுமாப், செனரிமாட். இதில் எத்தனை தேறும்? எல்லாம் தேறும் என்று சொன்னால் நீங்கள் அடுத்த கடிதமும் எழுதுவீர்கள். இரண்டு தேறினாலே எனக்குப் போதும்.

கே: நான் ஆண். எங்கே படித்தாலும் "லூபஸ் பெண்கள்" என்றே இருக்கிறது. இந்த மருந்துகள் எனக்கும் உண்டா?

ப: உண்டு ஐயா. எந்த அனுமதியிலும் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. சோதனைகளில் ஆண்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஆண்களுக்குச் சிறுநீரகத்தில் நோய் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கடைசியாக எப்போது செய்தீர்கள்?